இலை மேல வச்ச கை

நல்லம்பள்ளியில உரமும் விதையும் விக்கிற கடை என்னோடது. கடையில மூட்டை எடை போடற தராசு ஒண்ணு இருக்கு. தரையோட பலகை மாதிரி இருக்கும், மேல கண்ணாடிக்குள்ள சிவப்பு எழுத்துல கிலோ ஓடும். ஒருநாள் மத்தியானம் கடையில யாரும் இல்லைன்னு நெனச்சு நான் அது மேல ஏறி நின்னேன். பின்னாடி ஒரு குரல் வந்துச்சு. "அண்ணா, ரெண்டு மூட்டை யூரியாவைத் தாண்டிட்டீங்க!" கடலைக்கு ஜிப்சம் வாங்க வந்த ஆளு. அதையாவது மெதுவா சொன்னானா? எதுத்தாப்புல டீக்கடை வரைக்கும் கேக்கற மாதிரி சொன்னான். ஜிப்சம் இல்ல, போய்யான்னு அனுப்பியிருக்கணும். வியாபாரமாச்சே, பல்லைக் கடிச்சுக்கிட்டு எடை போட்டுக் குடுத்தேன்.

எனக்குக் கோவம் கொஞ்சம் சாஸ்தி. கோவம் மூக்கு மேல நிக்குதுன்னு மத்தவங்களைச் சொல்வாங்க. என் வூட்டுக்காரி மட்டும், "உங்களுக்கு வயித்து மேல நிக்குது, அங்கதான் இடம் தாராளமா இருக்கு"ன்னு சொல்வா.

குண்டா இருக்கறதுல எனக்கு ஒரு குறையும் தெரியல, அதான் உண்மை. கல்லாவுல உக்காந்தா நாற்காலி நெறையணும். உரக்கடைக்காரன் ஈர்க்குச்சி மாதிரி இருந்தா எவன் நம்பி உரம் வாங்குவான்? இவன் வயலே வெளையல, நம்ம வயலுக்கு என்ன சொல்லப் போறான்னு போயிடுவான். இப்படித்தான் ரொம்ப நாளா எல்லாருக்கும் நியாயம் சொல்லிக்கிட்டு இருந்தேன்.

என் நியாயம் ஒரு புதுமனை விழாவுல கவுந்துச்சு. சொந்தக்காரங்க வூடு. தரையில பாய் விரிச்சு இலை போட்டிருந்தாங்க. உக்காந்துட்டேன். உக்காந்தேன்னு சொல்றதைவிட விழுந்தேன்னு சொல்லலாம். சாப்பாடு நல்லா இருந்துச்சு, பாயசம் ரெண்டு தடவை கேட்டு வாங்கினேன். அதுக்கப்பறம் எந்திரிக்க முடியல. இந்தப் பக்கம் ஒருத்தர், அந்தப் பக்கம் ஒருத்தர் கையைப் புடிச்சு இழுக்கறாங்க, முதுகுப் பக்கம் ஒருத்தர் தோள் குடுத்துத் தள்றாரு. அடுத்த பந்திக்கு நின்னவங்க எல்லாம் இலையை மறந்துட்டு என்னைப் பாக்கறாங்க. ஒரு புண்ணியவான் போனை எடுத்து வீடியோவே புடிக்கிறான்.

எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். என் மவ மட்டும் சிரிக்கல.

எங்களுக்கு ஒரே மவ. தருமபுரியில ஒரு பள்ளிக்கூடத்துல பி.டி. டீச்சர். கழுத்துல விசில், கால்ல ஷூ, குரல்ல மிரட்டல். அன்னைக்கு வூட்டுக்கு வந்ததும் எதுத்தாப்புல உக்காந்து கேட்டா. "அப்பா, என் கல்யாணத்துல மணவறையில எப்படி உக்காருவீங்க?"

எங்க பக்கம் பொண்ணைப் பெத்தவன் மணவறையில சம்மணம் போட்டு உக்காந்து, மவ கையை மாப்பிள்ளை கையில வச்சு, மேல தண்ணி விட்டுத் தாரை வாக்கணும். அதை நின்னுக்கிட்டோ சாஞ்சுக்கிட்டோ செய்ய முடியாது.

"ஒரு நாற்காலி போட்டுக்கலாம்"னு சொன்னேன்.

"நாற்காலியில உக்காந்து தாரை வாக்கறதுக்கு அது என்ன பஞ்சாயத்து ஆபீஸா? உங்களால முடியலைன்னா விடுங்க, சித்தப்பா வாக்கட்டும்."

சுருக்குன்னு தச்சுது. சித்தப்பான்னா என் தம்பி. சின்ன வயசுலேருந்தே ஒல்லி. எந்த விசேஷத்துக்குப் போனாலும் என் பக்கத்துல வந்து நின்னு போட்டோ எடுத்துக்குவான், அவன் இன்னும் ஒல்லியாத் தெரியறதுக்காக. என் மவளை அவன் தாரை வாக்கறதா? நான் என்ன செத்தா போயிட்டேன்? "நாளைக்கே ஆரம்பிக்கலாம்டி"ன்னு கத்தினேன்.

அவளுக்கு வேண்டியதே அதுதான்.

விடியறதுக்கு முன்னாடி வாசல்ல விசில் ஊதினா. தெருவுல நாயெல்லாம் எந்திரிச்சு ஓடுச்சு, நான் எந்திரிக்கல. திரும்பவும் ஊதினா. பக்கத்து வூட்டுக்காரரு சன்னலைத் திறந்து, "அண்ணா, உங்களைத்தான் கூப்புடறாங்க, தயவு பண்ணி எந்திரிங்க"ன்னு கெஞ்சினாரு. ஏரிக்கரை வரைக்கும் நடந்தோம். போறப்ப அவகிட்டப் பேசிக்கிட்டே போனேன். வர்றப்ப பேச்சு வரல, மூச்சும் வரல. கரையில மேய்ஞ்சுக்கிட்டிருந்த ஒரு எருமை என்னைக் கூடப்பொறந்தவன் மாதிரி பாத்துச்சு.

அடுத்தபடியா மவ என் சோத்துல கை வச்சா. எங்க வூட்டுல ராகிக் களின்னா, உருண்டை ஒண்ணு சின்னப் புள்ளை தலை அளவுக்கு இருக்கும். அதுல ரெண்டு போடுவேன். இவ என் தட்டு மேல தன் கையை மடக்கி வச்சுக் காட்டினா. "என் கைப்பிடி அளவு. அவ்வளவுதான். மீதிக்குக் கீரை, அவரைக்காய், மோரு." அவ கை என்ன பெரிய கையா? மடக்கினா ஒரு எலுமிச்சைப்பழத்துக்கு அக்கா மாதிரி இருக்கும். வூட்டுக்காரியைப் பாத்தேன், பரிதாபப்படுவான்னு. அவ புருஷனுக்கு மிச்சமான களியையும் சேத்துத் தன் தட்டுல வச்சுக்கிட்டு நிம்மதியா சாப்பிட்டா.

நான் ஒண்ணும் யோக்கியன் இல்ல. வூட்டுல கைப்பிடி களி, பஸ் ஸ்டாண்டு பேக்கரியில முட்டை பப்ஸுன்னு கொஞ்ச நாள் ஓட்டினேன். மவ இவ்வளவு கஷ்டப்பட்டும் எடை குறையலையேன்னு அவளுக்கு ஆறுதல் வேற சொன்னேன். ஒருநாள் சாயங்காலம் கடைசி வாய் மென்னுக்கிட்டே திரும்பறேன், ஸ்கூட்டியில நிக்கிறா. "என்னப்பா சாப்பிட்டீங்க?" "டீ மட்டுந்தான் கண்ணு, சக்கரை இல்லாம." வண்டிக் கண்ணாடியை என் பக்கம் திருப்பினா. மீசை முழுக்க பப்ஸ் தூளு.

வூட்டுக்குப் போனதும் என் கையைப் புடிச்சுத் தன் உச்சந்தலையில வச்சா. "சத்தியம் பண்ணுங்க. இனிப்பைத் தொடமாட்டேன். விளக்கு வச்சதுக்கப்பறம் பச்சைத்தண்ணி தவிர வாயில எதுவும் வைக்கமாட்டேன்."

"அடியே, தலை மேல எல்லாம் எதுக்குடி?"

"அப்பத்தான் நீங்க கேப்பீங்க."

பெத்த புள்ளை தலை மேல பண்ணின சத்தியத்தை மீறினா அந்தப் புள்ளைக்குத்தான் ஆகாதுன்னு எனக்கு ஒரு பயம். படிச்சவங்க சிரிப்பாங்க, சிரிக்கட்டும். அவங்கவங்க புள்ளை தலையில கை வச்சுப் பாத்தாத் தெரியும். நான் பண்ணினேன். அன்னையிலேருந்து பேக்கரி இருக்கற பக்கமே போறதில்ல.

மொதல்ல பட்டபாடு சொல்லி மாளாது. அப்பறம் என்ன ஆச்சுன்னா, பழகிப்போச்சு. யாராவது விளக்கு வச்ச நேரத்துல தட்டை நீட்டினா, நான் யோசிக்கிறதுக்கு முன்னாடியே என் கை போய் அது மேல மூடிக்கும். வேணாங்கன்னு வாய் சொல்றதுக்குள்ள கை சொல்லிடும். மவ அதைப் பாத்துட்டு, "இதுதாம்பா பழக்கம், இது வந்துட்டா எடை திரும்பி வராது"ன்னு குதிச்சா. அந்தக் கையே பின்னாடி என் குடியைக் கெடுக்கப் பாக்கும்னு அவளுக்கும் தெரியல, எனக்கும் தெரியல.

அடுத்த மாங்கா சீசன் வர்றதுக்குள்ள ஒரு இருபத்தஞ்சு கிலோ அரிசிச் சிப்பம் எடை என்னை விட்டு எறங்கிப் போயிருந்துச்சு. ஒருநாள் கூடத்துல மெதுவா கீழ உக்காந்து பாத்தேன். சம்மணம் வந்துச்சு! வூட்டுக்காரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். இடுப்புல கை வச்சுப் பாத்துட்டு, "உக்காந்தாச்சு சரி, எந்திரிங்க பாக்கலாம்"னா. தரையில கை ஊனாம எந்திரிச்சேன். அவ அடுப்படிக்குப் போயிட்டா. எனக்கு மட்டும் அன்னைக்குத் தலைகால் புரியல.

சட்டை விஷயத்துல மட்டும் அவ மசியல. பழைய சட்டையெல்லாம் என் மேல தொளதொளன்னு தொங்குது, டெய்லர்கிட்டக் குடுத்து அளவாப் புடிச்சுத் தரச் சொல்லுன்னா, "எதுக்கு? ஆறு மாசத்துல திரும்பி வந்துடுவீங்க. புடிச்ச சட்டையை அப்பறம் யாரு போடறது?"ன்னு பீரோவைச் சாத்திட்டா. கட்டின புருஷன் மேல அவ்வளவு நம்பிக்கை.

அந்தத் தொங்கற சட்டையோடதான் கடைக்குப் போனேன். ஊரு சும்மா இருக்குமா? குண்டா இருந்தப்ப ஒருத்தனும் என் உடம்பைப் பத்திக் கவலைப்படல, எளைச்சதும் எல்லாருக்கும் கவலை வந்துடுச்சு.

"என்னாங்க இப்படி ஆயிட்டீங்க? சக்கரையா?"

"இல்லைங்க, நடக்கறேன்."

"நடக்கறீங்க, சரி. டாக்டரு என்ன சொல்றாரு?"

"டாக்டரே இல்லைங்க. நல்லா இருக்கேன்."

"ஓ... சொல்ல வேணாம்னு இருக்கீங்களா. சரி சரி, நாங்க யார்கிட்டயும் பேசமாட்டோம்."

பேசினாங்க. கம்பு விதை வாங்க வந்தவங்க பிரட் பாக்கெட்டோட வந்தாங்க. ஆப்பிள், சாத்துக்குடி, பால் பவுடர் டப்பான்னு ஆஸ்பத்திரிக்குப் போறாப்பல வந்து கல்லா மேல வச்சுட்டு, என் கையைத் தொட்டுப் பாத்துட்டுப் போனாங்க. ஒரு பெரியவரு, "எல்லாத்தையும் அவன் பாத்துக்குவான்"னு மேல கையைக் காட்டிக் கண்ணைத் தொடைச்சாரு. யோவ், நான் இன்னும் போகலையான்னு கத்தினேன். பாவம், வலியில கத்தறாருன்னு நெனச்சுக்கிட்டு எறங்கிப் போனாரு.

இந்த நேரத்துலதான் கம்பைநல்லூர்ல இருந்து சம்பந்தம் வந்துச்சு. பையன் அரசாங்கப் பள்ளிக்கூடத்துல கணக்கு வாத்தியாரு. என் மவ அதுவரைக்கும் வந்த இடத்தையெல்லாம் மூக்கு சரியில்ல, பேச்சு சரியில்லன்னு தட்டிக்கிட்டே இருந்தவ. பையன் வூட்டுல வந்து பாத்துட்டுப் போனப்பறம் நாங்க கேக்கறதுக்கு முன்னாடியே வந்து, "எனக்குப் புடிச்சிருக்குப்பா"ன்னு சொன்னா. சொல்லிட்டு வெக்கத்துல விசிலைக் கடிச்சுக்கிட்டா. அந்த மொகத்தை நான் அதுக்கு முன்னாடி பாத்ததே இல்ல.

அப்பறம் நாங்க பையன் வூடு பாக்கப் போகணும். எங்க பக்கம் இதுல ஒரு முறை இருக்கு. சம்பந்தம் புடிச்சிருந்தாத்தான் அந்த வூட்டுல கை நனைப்போம். புடிக்கலைன்னா சாப்பிடாம எந்திரிச்சு வந்துடுவோம். வாயைத் தொறந்து யாரும் சரின்னோ வேணாம்னோ சொல்லத் தேவையே இல்ல. பொண்ணோட அப்பன் இலையில சோறு விழுந்தா கல்யாணம், விழலைன்னா இல்ல.

மத்தியானமே போய் கை நனைச்சுட்டு வந்துடலாம்னுதான் ஏற்பாடு. மச்சான், அதாவது என் வூட்டுக்காரியோட அண்ணன், ஓமலூர்ல இருந்து வரணும். தாய்மாமன் இல்லாம எப்படிப் போறது? அவரு வர்ற அன்னைக்குப் பாத்துத் தொப்பூர் கணவாயில ஒரு லாரி படுத்துக்கிச்சு. மேல ஏத்திக்கிட்டு வந்த தக்காளியெல்லாம் ரோட்டுல. மச்சான் போன்ல, "இதோ நகருது, இதோ நகருது"ன்னு சாயங்காலம் வரைக்கும் சொன்னாரு. நாங்க கம்பைநல்லூர் போய்ச் சேர்றப்ப தெரு விளக்கெல்லாம் எரிய ஆரம்பிச்சிருந்துச்சு.

நல்ல மனுஷங்க. வாசல்ல பெரிய கோலம், ஷாமியானா வேற. பேச்செல்லாம் நல்லபடியா முடிஞ்சுது. பையனோட அம்மா வாய் நெறைய, "சாப்பிடலாம் வாங்கண்ணா"ன்னு கூப்பிட்டாங்க. மேசை மேல வாழை இலை போட்டிருந்துச்சு. பெரியவன் நான்தானே, மொதல்ல என் இலைக்குத்தான் பரிமாற வந்தாங்க. கையில தட்டு நெறைய ஒப்பட்டு. பருப்பும் வெல்லமும் பூரணம் வச்சு நெய் விட்டுச் சுட்டது, அந்த வாசம் எனக்கு முன்ஜென்மத்து வாசம்.

என் கை போய் இலை மேல மூடிக்கிச்சு.

நான் மூடல, கை மூடுச்சு. இதை அன்னையிலேருந்து எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டு இருக்கேன், ஒருத்தரும் நம்பறதில்ல. மூடினப்பறம்தான் எனக்கே உறைச்சுது, அடப்பாவி, இது கை நனைக்கிற வூடுன்னு. உடனே எடுத்திருக்கலாம்னு நீங்க சொல்வீங்க. எடுக்கத்தான் பாத்தேன். எடுத்தா சத்தியம். மவ தலை. எடுக்கலைன்னா மவ கல்யாணம். ரெண்டு பக்கமும் அவளே நிக்கிறா, நான் எந்தப் பக்கம் போவேன்? வூட்டுக்காரி மேசைக்குக் கீழ என் தொடையைக் கிள்றா. நானோ வேர்த்துக் கொட்டி, "எனக்கு வேணாங்க, நீங்கெல்லாம் சாப்பிடுங்க"ன்னு உளறினேன்.

பொண்ணோட அப்பன் வேணாம்னு சொன்னப்பறம் வேற யாரு சாப்பிடுவாங்க? அந்தம்மா தட்டோட அப்படியே நின்னாங்க. பையன் தலையைக் குனிஞ்சுக்கிட்டான். அவனோட அப்பா, "சரிங்க. போய் யோசிச்சு சொல்லுங்க"ன்னு எந்திரிச்சாரு. கொட்டு மேளம் நின்ன மாதிரி ஆயிடுச்சு அந்த வூடு.

வேன்ல மச்சான் வச்சு வாங்கினாரு. "நாள் பூரா லாரிக்குப் பின்னாடி பட்டினி கெடந்து வந்தவன்யா நான்! சம்பந்தம் போனா போகுது, எனக்குச் சோறும் போச்சே!" மவ எங்க வூட்டு வாசல்லயே நின்னுக்கிட்டிருந்தா. போன்ல அவளுக்கு எல்லாம் தெரிஞ்சுபோச்சு.

"ஏம்பா?"ன்னு கேட்டா.

"நீ வாங்கின சத்தியம்தாண்டி! விளக்கு வச்சாச்சு, இனிப்பு வேற. உன் தலை மேல பண்ணினதை நான் எப்படி மீறுவேன்?"

"எனக்காகத்தான் சாப்பிடாம இருந்தீங்க, சரி. எனக்காக ஒரு வாய் சாப்பிட்டிருக்கக் கூடாதா?"

அவ்வளவுதான் கேட்டா. உள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டா. அவ அழுது நான் பாத்ததில்ல, அன்னைக்கும் பாக்கல, சத்தம்தான் கேட்டுச்சு. எனக்கு யார் மேல கோவப்படறதுன்னே தெரியல. லாரிக்காரன் மேல கோவப்பட்டுப் பாத்தேன், நிக்கல.

காலையில விசில் சத்தம் இல்ல. நானா எந்திரிச்சு, ட்ராக் பேண்டைப் போட்டுக்கிட்டு, தொங்கற பனியனை மாட்டிக்கிட்டு ஏரிக்கரைக்கு நடந்தேன். பாதி தூரத்துல கால் நின்னுடுச்சு. இப்படி நடந்து யாருக்கு என்ன? அவ கல்யாணத்துல சம்மணம் போட்டு உக்காரத்தான நடந்தேன். அந்தக் கல்யாணத்தையே இலையோட சுருட்டி எடுத்துட்டு வந்துட்டேனே. அப்படியே திரும்பி பஸ் ஸ்டாப்புக்குப் போனேன். தருமபுரி போய், அங்கேருந்து பஸ் மாறி கம்பைநல்லூர்ல எறங்கினேன்.

பொண்ணைப் பெத்தவன் கூப்பிடாம மாப்பிள்ளை வூட்டுக்குத் தனியாப் போகக் கூடாதும்பாங்க. மரியாதை கெட்டுப்போகுமாம். கான்வாஸ் ஷூவும் ட்ராக் பேண்டுமாப் போனா என்ன ஆகும்னு யாரும் சொல்லி வைக்கல. அந்தம்மா வாசல்ல புளியைக் காய வச்சுக்கிட்டிருந்தாங்க. என்னைப் பாத்ததும் மொறத்தைக் கீழ போட்டுட்டாங்க. "ஐயோ, என்னங்கண்ணா? வூட்டுல யாருக்காவது..."

"யாருக்கும் ஒண்ணும் இல்லம்மா. எனக்குப் பசிக்குது. சோறு போடுங்க."

அவங்க என் மொகத்தையே பாத்தாங்க. அப்பறம் மொந்தானையால கையைத் தொடைச்சுக்கிட்டு, "வூட்டுல ஒண்ணுமே பண்ணலையேண்ணா, களியும் கீரையுந்தான் இருக்கு"ன்னாங்க.

"அதாம்மா வேணும்."

மேசையைக் காட்டினாங்க. நான் வேணாம்னுட்டு அந்தக் கூடத்துத் தரையில சம்மணம் போட்டு உக்காந்தேன். இலை வந்துச்சு. களி வந்துச்சு, பழைய அளவுல, சின்னப் புள்ளை தலை அளவுக்கு. கைப்பிடியாவது ஒண்ணாவது, முழுசையும் சாப்பிட்டேன். காலை நேரம், களியில இனிப்பும் இல்ல, சத்தியத்துக்கு ஒரு குறையும் இல்ல. பையனோட அப்பா துண்டோட வந்து எதுத்தாப்புல உக்காந்தாரு. தொப்பையில என் பழைய சோடி. தயங்கித் தயங்கி, "தப்பா நெனைக்காதீங்க. உங்க ஊர்ப் பக்கம் விசாரிச்சோம். உங்களுக்கு ஏதோ பெரிய வியாதின்னாங்க. அதான் நேத்து நீங்க சாப்பிடலையோன்னு..."

கை கழுவாமலே, தரையில ஊனாம, உக்காந்த எடத்துலேருந்து விருட்டுன்னு எந்திரிச்சேன். திரும்ப உக்காந்தேன். திரும்ப எந்திரிச்சேன். "இப்படி எந்திரிக்கிற வியாதி உங்களுக்கு இருக்குதாங்க?"ன்னு கேட்டேன். அந்த மனுஷன் தன் தொப்பையைத் தடவிக்கிட்டு, "எனக்கு அந்தக் குடுப்பினை இல்லைங்க"ன்னாரு. பையன் ரூமுக்குள்ளேருந்து சிரிக்கிற சத்தம் கேட்டுச்சு.

அந்தம்மா சிரிச்சுக்கிட்டே உள்ள போய் வந்தாங்க. கையில ஒரு ஒப்பட்டு. "நேத்து உங்களுக்காகச் சுட்டதுண்ணா. யாருமே தொடல. மொத மொதல்ல கை நனைக்கிறீங்க, இனிப்பு இல்லாம எப்படி?"

என் கை போய் இலை மேல மூடிக்கிச்சு. திரும்பவும்!

இந்தத் தடவை நான் கையை எடுக்கவும் இல்ல, உளறவும் இல்ல. எல்லாத்தையும் சொன்னேன். பாயில விழுந்தது, பப்ஸ், மீசை, ஸ்கூட்டிக் கண்ணாடி. "என் மவ தலையில கை வச்சு சத்தியம் பண்ணிட்டேம்மா. உங்க இனிப்பை மதிக்காம இல்ல. அவளுக்கு ஏதாவது ஆயிடுமோன்னு பயமா இருக்கு." சொல்லி முடிக்கிறப்ப கண்ணு ரொம்பிடுச்சு. ட்ராக் பேண்டு போட்டுக்கிட்டு அழுதா பாக்க நல்லாவா இருக்கும்? அழுதேன்.

அந்தம்மா தட்டைப் பின்னால இழுத்துக்கிட்டாங்க. "அப்படின்னா தொடாதீங்கண்ணா. அது எங்க மருமவ தலை."

மருமவ. அந்த ஒரு வார்த்தையைக் கேக்கத்தான் பஸ் ஏறி வந்தேன். பையனோட அப்பா அந்த ஒப்பட்டு வீணாப் போகுதேன்னு மெல்லக் கையை நீட்டினாரு. அந்தம்மா தட்டை இன்னும் தள்ளி வச்சு, "நீங்களும் நாளையிலேருந்து சம்பந்திகூட நடங்க"ன்னாங்க. என் பேருல ஒரு குடும்பமே பட்டினின்னு ஆயிடுச்சு. வாசல்ல நின்னு வூட்டுக்குப் போன் போட்டேன். மவ எடுத்தா. "கை நனைச்சுட்டேன் கண்ணு"ன்னேன். அந்தப் பக்கத்துலேருந்து காது கிழியற மாதிரி விசில் சத்தம் வந்துச்சு.

தையில கல்யாணம். மணவறையில சம்மணம் போட்டு உக்காந்தேன். உக்காரறதுக்கு முன்னாடி என் தம்பியைத் தேடிப் புடிச்சு ஒரு பார்வை பாத்துட்டுத்தான் உக்காந்தேன். மவ கை என் கையில இருந்துச்சு. தட்டு மேல மடக்கி வச்சு என் களியை அளந்த அதே சின்னக் கை. அதை மாப்பிள்ளை கையில வச்சுத் தண்ணி விட்டேன்.

சாயங்காலம் கார்ல ஏறப் போறப்ப என்கிட்ட வந்து குனிஞ்சா. கால்ல விழப்போறான்னு பாத்தா, என் கையை எடுத்துத் தன் தலையில வச்சா. கொஞ்ச நேரம் அப்படியே வச்சிருந்துட்டு எறக்கி விட்டா. "சத்தியத்தைத் திருப்பி எடுத்துக்கிட்டேம்பா. இனிமே உங்க இஷ்டம். எங்க வேணும்னாலும், எப்ப வேணும்னாலும் சாப்பிடுங்க"ன்னா. "போடி, போடி"ன்னு மொகத்தைத் திருப்பிக்கிட்டேன்.

வூட்டுக்கு வந்தப்ப விளக்கு வச்சிருந்துச்சு. அடுப்படி பூரா சீர்ப் பலகாரம், கூடை கூடையா. மவ ஷூ மட்டும் செருப்பு ஸ்டாண்டுல இருந்துச்சு. வூட்டுக்காரி இலை போட்டு, நடுவுல ஒரு ஒப்பட்டை வச்சா. "அவதான் எடுத்துட்டாளே. சாப்பிடுங்க. காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிடல."

சாப்பிடணும்னுதான் நெனச்சேன். சத்தியமா நெனச்சேன். கை போய் இலை மேல மூடிக்கிச்சு. மூடினது எடுக்க வரல. அவ எதுத்தாப்புல உக்காந்து அந்தக் கையையே பாத்துக்கிட்டிருந்தா. நானும் அதைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்.

அப்பறம் இலையை எடுத்துக்கிட்டு எந்திரிச்சா. பீரோவைத் தொறக்கிற சத்தம் கேட்டுச்சு. என் பழைய சட்டையெல்லாத்தையும் அள்ளிக்கிட்டு வந்து ஒரு பையில திணிச்சா.

"நாளைக்கு டெய்லர்கிட்டக் குடுத்துப் புடிச்சுட்டு வந்துடறேன்"னா.